அளவெடுத்துத் தைத்த பிரா: கிளிநொச்சித் தையல் அக்காவின் வேலை பற்றி

மார்பு அளவுக்கு மீறிப் பெருத்து, கடையில் வாங்கும் எந்த பிராவும் சேராமல், தோளில் பள்ளம் விழுந்து, கழுத்து நோவோடு நாளைக் கடத்தும் பெண் வன்னியில் நான் ஒருத்தி மட்டும் இல்லை என்று தெரியும். அப்படி இருக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கிளிநொச்சியில் ஏ9 வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஓர் ஒழுங்கையில், வீட்டு விறாந்தையை அடைத்து ஒரு அக்கா தையல் கடை வைத்திருக்கிறார். வெளியில் பார்த்தால் சாறி பிளவுஸ், பஞ்சாபி, பள்ளிக்கூடச் சட்டை தைக்கும் வழக்கமான கடைதான். பெரிய மார்பு உள்ளவர்களுக்கு அளவெடுத்து பிரா தைக்கிறார் என்ற விஷயம் பெண்களின் வாய்வழியாக மட்டும் பரவியிருக்கிறது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மிக நல்ல வேலை, கொடுக்கும் காசுக்குப் பெறுமதி உண்டு, குறைகளும் இருக்கின்றன, அவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். கடையின் பெயரையும் போன் நம்பரையும் போடவில்லை, அக்காவே வேண்டாம் என்றார். முன்பு யாரோ அவருடைய நம்பரைப் பகிர, இரவில் தெரியாத ஆண்கள் கோல் எடுத்து அசிங்கமாகப் பேசியிருக்கிறார்கள். எப்படிப் போய்ச் சேருவது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எனக்கு இது இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது தொடங்கியது. பிள்ளைத்தாச்சிகளுக்கு மார்பு பெருப்பது வழக்கம்தான், ஆனால் எனக்கு முதல் மூன்று மாதம் முடிவதற்குள்ளேயே ஒவ்வொரு கிழமையும் உடுப்பு மாற்ற வேண்டியதாகிவிட்டது. தோல் இழுபட்டு மினுங்கியது, நாளங்கள் நீலமாகத் தெரிந்தன, படுக்கையில் ஒரு பக்கம் திரும்புவதென்றால் கையால் தூக்கி வைத்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். ஊரில் சிலர் இரட்டைப் பிள்ளை என்றார்கள், சிலர் பாலுக்குக் குறைவிருக்காது என்று சந்தோஷப்பட்டார்கள், இன்னும் சிலர் இது புற்றுநோய், உடனே தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போ என்று பயமுறுத்தினார்கள். நான் முதலில் காட்டிய இடத்தில் சட்டையைக் கழற்றிப் பார்க்கக்கூட இல்லை, உடம்பைக் குறையுங்கோ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த நேரம் என் உடம்பில் மார்பைத் தவிர எல்லாம் மெலிந்துகொண்டிருந்தது.

பிறகு ஒரு வி.ஓ.ஜி. டொக்டர்தான் (மகப்பேற்று, பெண் நோயியல் நிபுணர்) ஒழுங்காகப் பார்த்து, ஸ்கான் எடுத்து, சேர்ஜனிடம் அனுப்பி, இதற்கு ஜைகன்டோமாஸ்டியா என்று பெயர், புற்றுநோய் இல்லை, அரிதாக வருவது, உங்கள் சாப்பாட்டாலோ பழக்கத்தாலோ வந்ததில்லை என்று விளக்கினார். மார்பில் உள்ள திசு, உடம்பில் இயல்பாகச் சுரக்கும் ஈஸ்ட்ரஜன், புரோஜெஸ்டரோன், புரோலக்டின் போன்ற ஹோர்மோன்களுக்கு அளவுக்கு மீறி எதிர்வினை காட்டுவதுதான் காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறார்களாம். அதனால்தான் இரத்தத்தில் ஹோர்மோன் சோதித்துப் பார்த்தால் பலருக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். கர்ப்பத்தில் வருவது 28,000 முதல் 100,000 கர்ப்பங்களுக்கு ஒன்று என்ற அளவில்தான் மருத்துவ நூல்களில் எழுதப்பட்டிருக்கிறது. பருவமடையும் வயதில் சில பிள்ளைகளுக்குச் சில மாதங்களுக்குள் வருவது உண்டு, பெனிசிலமைன் போன்ற சில மருந்துகளால் வருவதும் உண்டு, எந்தக் காரணமும் பிடிபடாமல் வருவதும் உண்டு. எந்த அளவுக்கு மேல் போனால் இந்தப் பெயர் என்பதில் டொக்டர்மாருக்குள்ளேயே ஒரே கணக்கு இல்லை. ஒரு பக்கத்திலிருந்து 1.5 கிலோவுக்கு மேல் வெட்டி எடுக்க வேண்டிய அளவு என்று சிலர் சொல்கிறார்கள். மிகுதியாக உள்ள திசு உடல் எடையில் 3 சதவீதத்துக்கு மேல் என்று வேறு சிலர் கணக்கிடுகிறார்கள், அதாவது 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 1.8 கிலோ.

இதை எல்லாம் புரொய்லர் கோழியாலும் பால்மாவாலும் வந்த புது வியாதி என்று சொல்கிறவர்களுக்கு ஒரு விஷயம். 1669ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் பிளிமத் ஊரில் இருந்த வில்லியம் டேர்ஸ்டன் என்ற மருத்துவர், திடீரென்று மார்பு பெருத்து இறந்துபோன ஓர் இளம்பெண்ணைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதியிருக்கிறார். அவளுடைய ஒரு பக்க மார்பே 64 இறாத்தல் இருந்ததாம். அந்தக் காலத்தில் எந்த புரொய்லர் கோழி?

சரி, கடைக்கு வருகிறேன். பிள்ளை பிறந்த பிறகு எனக்கு வளர்ச்சி நின்றது, கொஞ்சம் வற்றவும் செய்தது, ஆனால் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. மார்பைக் குறைக்கும் ஒபரேஷனுக்கு முன் அளவு கொஞ்சக் காலம் மாறாமல் நிற்க வேண்டும், பால் கொடுப்பதும் முடிய வேண்டும் என்றார் சேர்ஜன். அதுவரை என்ன போடுவது? நான் ஆசிரியை, சாறி கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போக வேண்டும், கிரவல் வீதியில் ஸ்கூட்டி ஓட வேண்டும், கரும்பலகையில் கையை உயர்த்தி எழுத வேண்டும். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் கடைகளில் கேட்டுப் பார்த்தால் 38, மிஞ்சினால் 40, 42 என்று எடுத்துப் போடுவார்கள். அந்த எண் கீழ்ச்சுற்றின், அதாவது மார்புக்குக் கீழே விலாவைச் சுற்றி எடுக்கும் அளவின் எண். எனக்குக் கீழ்ச்சுற்று சின்னது, கப்தான் பெரியது வேண்டும். 42ஐப் போட்டால் பட்டி முதுகில் மேலே ஏறிவிடும், கப் இன்னும் போதாமல்தான் இருக்கும். பெரும்பாலான கடைகளில் உள்ளாடைப் பக்கம் நிற்பது இளம் பெடியன்கள். அவர்களிடம் போய் இன்னும் பெரிய கப் இருக்கா என்று கேட்க எத்தனை பேருக்கு வாய் வரும்?

இதில் எனக்குப் பெரிய மனவருத்தம் ஒன்று உண்டு. கிளிநொச்சியில் உள்ள கார்மன்ட்ஸில் நம் பெண் பிள்ளைகள் விடிய எழும்பி பஸ் ஏறிப் போய் வெளிநாட்டுக் கடைகளுக்கு பிரா தைக்கிறார்கள். எல்லா அளவிலும் தைக்கத் தெரிந்த கைகள் இங்கேயே இருக்கின்றன, அந்த அளவுகள் நம் சந்தைக்கு மட்டும் வருவதில்லை. இந்த அக்காவும் அப்படி ஒரு கார்மன்ட்ஸில் பல வருடம் மெசினில் இருந்தவர். கப்புக்குத் துண்டு எப்படி வெட்டுவது, எந்த இடத்தில் இழுபடும் துணி, எந்த இடத்தில் இழுபடாத துணி என்பதெல்லாம் அங்கே கைக்கு வந்ததுதான். வேலையை விட்டுவிட்டு வீட்டில் ஒரு ஜூக்கி மெசினை வாங்கிப் போட்டு, முதலில் தன் சொந்தக்காரி ஒருவருக்குத் தைத்துக் கொடுத்து, அப்படியே கேள்விப்பட்டு ஆட்கள் வரத் தொடங்கியிருக்கிறார்கள்.

போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி அளவு பற்றியதில்லை. “பிள்ளை, கிளினிக்கில காட்டினனீங்களோ?” என்றார். காட்டியதாகச் சொன்னதும் என்ன சொன்னார்கள், எத்தனை மாதமாக இந்த அளவில் நிற்கிறது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரித்தானா, கட்டி ஏதும் தட்டுப்படுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதினார். அப்புறம்தான் உள்ளறைக்குக் கூட்டிப்போனார். அந்த அறைக்குக் கதவு இருக்கிறது, திரைச்சீலை மட்டும் தொங்கும் அறை இல்லை. உள்ளிருந்து தாழ்ப்பாள் போடலாம், யன்னலை மூடியிருக்கிறார், ஆள் உயரக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. அக்காவைத் தவிர வேறு யாரும் உள்ளே வரமாட்டார்கள், அம்மாவையோ தங்கையையோ கூட வைத்துக்கொள்ள விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். நீங்கள் உள்ளே நிற்கும் நேரம் அவருடைய வீட்டு ஆண்கள் யாரும் விறாந்தைப் பக்கமே வருவதில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை.

அளவெடுக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், உங்கள் ஊர்த் தையற்காரியிடம் நீங்களே சொல்லித் தைப்பிக்கவும் இது உதவும். முதலில் மார்புக்குக் கீழே, விலா எலும்போடு ஒட்டி, மூச்சை விட்ட நிலையில் ஒரு சுற்று. எனக்கு வெட்கத்தில் மூச்சு அடைத்துக்கொண்டு வந்தது. “மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிக்காதேங்கோ பிள்ளை, பட்டி பிழைச்சுப் போகும், சும்மா நில்லுங்கோ” என்று சொல்லி, அளவு நாடாவைக் கையில் வைத்தபடி, என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டுப் பேச வைத்து, நான் தளர்ந்த பிறகுதான் எடுத்தார். அடுத்து நிமிர்ந்து நின்றபடி மார்பின் முழுச்சுற்று. பிறகு இடுப்பிலிருந்து முன்னுக்குக் குனியச் சொல்லி அதே சுற்றை மறுபடி எடுத்தார். பெரிய மார்பு பாரத்தால் கீழே தொங்கும்போது நின்ற நிலையில் எடுக்கும் அளவு பிழைக்கும், குனியும்போதுதான் முழு அளவும் வரும், என் இரண்டு அளவுக்கும் இருந்த வித்தியாசத்தைப் பார்த்து எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக: நடு நெஞ்செலும்பிலிருந்து கமக்கட்டுப் பக்கம் வரை, கீழ் மடிப்பிலிருந்து மேல் வரை. இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருப்பவர்கள் குறைவு. எனக்கு இடது பக்கம் கூட, அதனால் இடது கப்பைத் தனியாக வெட்டினார், சிறிய பக்கத்தில் ஒரு மெல்லிய பஞ்சு உறை வைத்துச் சமப்படுத்தினார். கடைசியாகத் தோள் அகலம், தோளிலிருந்து கீழ் மடிப்பு வரை நீளம். ஏ, பி, சி, டி என்ற கப் எழுத்தெல்லாம் அவர் கொப்பியில் இல்லை. இஞ்ச் கணக்கும், பக்கத்தில் அவருக்கு மட்டும் விளங்கும் ஒரு சின்னப் படமும்தான்.

தோள் எவ்வளவு நோகிறது என்று நான் சொன்னதற்கு அவர் சொன்ன பதில் இன்னும் நினைவிருக்கிறது. “சைக்கிள் கரியரில நெல்லுமூட்டை ஏத்தினா பாரம் கரியரிலதானே நிக்க வேணும், கயிறு சரியாமப் பிடிக்கத்தான். கீழ்ப்பட்டிதான் கரியர், தோள்பட்டி கயிறு. உங்களுக்கு இவ்வளவு நாளும் கயிறுதான் மூட்டையத் தூக்கியிருக்கு.” என் தோளில் விரல் வைக்கும் அளவுக்கு இருந்த பள்ளத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொன்னார்.

தைத்து வந்த பொருளைப் பற்றி. கீழ்ப்பட்டி அகலமானது, பின்னால் மேலிருந்து கீழாக 5 கொழுக்கி, இறுக்கித் தளர்த்த 3 வரிசை. புதிதில் வெளி வரிசையில் கொழுவ வேண்டும், எலாஸ்டிக் தளரத் தளர உள்ளே போகலாம் என்று சொல்லித் தந்தார். பட்டிக்குள் இரண்டு விரல் போக வேண்டும், அதற்கு மேல் போகக் கூடாது. கண்ணாடியில் பக்கவாட்டில் பார்த்தால் பட்டி முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும், முதுகில் ஏறினால் அது தளர்ந்த பட்டி. கப்பை மூன்று துண்டாக வெட்டித் தைக்கிறார், கீழ்த்துண்டும் பக்கத்துண்டும் இழுபடாத பருத்தித் துணி இரட்டை மடிப்பு, அதுதான் மார்பை முன்னுக்கும் மேலுக்கும் கொண்டுவருகிறது. மேல் துண்டு மட்டும் கொஞ்சம் இழுபடும். கமக்கட்டுப் பக்கம் உயரமாக வைத்துத் தைப்பதால் பக்கத்தால் பிதுங்குவதில்லை. வயர் போடுவதில்லை, எங்கள் அளவுக்குப் பொருத்தமான வயர் இங்கே கிடைக்காது, பொருந்தாத வயர் குத்திப் புண்ணாக்கும் என்கிறார். அதற்குப் பதிலாகக் கப்பின் அடியில் தடித்த நாடா வைத்து இரண்டு தையல் ஓடுகிறார். தோள்பட்டி ஒன்றரை இஞ்ச் அகலம், தோளில் படும் இடத்தில் மெல்லிய பஞ்சு. முன்பக்கப் பட்டி இழுபடாது, பின்பக்கம் கொஞ்ச நீளத்துக்கு மட்டும் எலாஸ்டிக். முழுப் பட்டியும் எலாஸ்டிக் என்றால் ஒவ்வொரு அடிக்கும் மார்பு மேலும் கீழும் ஆடும், ஸ்கூட்டியில் போகும் எனக்கு அது எப்படி நோகும் என்று நன்றாகத் தெரியும்.

போட்டுப் பார்த்த முதல் நாள் இறுக்கமாக இருக்கிறதே என்றுதான் தோன்றியது. பாரம் தோளிலிருந்து விலா எலும்புக்கு இறங்கியதால் வரும் புது உணர்வு அது, பழகிவிட்டது. பள்ளிக்கூடம் முடிந்து வந்ததும் தலை இடிக்காத ஒரு பின்னேரம் எனக்கு அதற்குப் பிறகுதான் கிடைத்தது. விரல் நுனியில் வரும் விறைப்பு குறைந்திருக்கிறது. தோள்பட்டி அழுத்துவதாலும் கழுத்து முன்னுக்கு இழுபடுவதாலும் கைக்குப் போகும் நரம்பு நெரிபடுவதால் அது வருகிறது என்று சேர்ஜன் முன்பே சொல்லியிருந்தார். தோளில் உள்ள பள்ளம் போகவில்லை, அது போகும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். முதுகு நோவும் முழுதாக மாறவில்லை. உள்ளே இருக்கும் பாரம் அப்படியேதானே இருக்கிறது.

கீழ் மடிப்பில் வரும் அவிச்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பங்குனி, சித்திரையில் வன்னி வெயிலில் தோலோடு தோல் ஒட்டி வேர்த்து, சிவந்து, மணந்து, தோல் உரிந்து, சட்டை படும்போதெல்லாம் எரியும். பலர் பவுடரை அள்ளிக் கொட்டுகிறார்கள், அது வேர்வையோடு கட்டியாகி இன்னும் உராயும். அக்காவின் பிரா மார்பைத் தூக்கி வைப்பதால் அந்த மடிப்பில் காற்றுப் படுகிறது, உள்ளே பருத்தித் துணி இருப்பதால் வேர்வையை உறிஞ்சுகிறது. அதோடு மடிப்பில் வைக்க மெல்லிய பழம் வேட்டித் துணியில் தைத்த துண்டுகள் சிலவற்றையும் சும்மா தந்தார், பள்ளிக்கூட இடைவேளையில் நனைந்ததை எடுத்துவிட்டு வேறொன்று வைத்துக்கொள்கிறேன். ஆனால் ஏற்கெனவே பங்கசு பிடித்திருந்தால் துணியால் மாறாது, டொக்டரிடம் காட்டிப் பூச்சு மருந்து வாங்க வேண்டும், எனக்கும் அது தேவைப்பட்டது. புண் வெடித்தாலோ காய்ச்சல் வந்தாலோ பொறுத்துக்கொண்டு இருக்கவே கூடாது.

உள்ளாடையைக் காயப்போடுவதும் இதோடு சேர்ந்த விஷயம்தான். கொடியில் ஆட்கள் பார்க்கும்படி போடக் கூச்சப்பட்டு, ஈரத்தோடு வேறு துணிக்குக் கீழே மறைத்துப் போடுகிறோம், அரைகுறையாகக் காய்ந்ததை எடுத்துப் போடுகிறோம், அங்கேதான் பங்கசு வளர்கிறது. காற்றுப் படும் நிழலில் முழுதாகக் காய விடுங்கள். நேர் வெயிலும் சுடுதண்ணியும் எலாஸ்டிக்கைக் கெடுக்கும். முறுக்கிப் பிழியாமல் துவாயில் சுருட்டி அமத்தி எடுங்கள். எங்கள் வீட்டுக் கிணறு உவர், அதனால் கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணி எடுத்து வைக்கிறேன். ஒரே பிராவை நாள்தோறும் போடாமல் மாற்றி மாற்றிப் போட்டால் எலாஸ்டிக் கூடுதலாக நின்றுபிடிக்கும்.

நான் இந்தக் கடையை மற்றக் கடைகளுக்கு மேலே வைப்பதற்குத் தையல் மட்டும் காரணமில்லை, அந்த சீ.ஆர். கொப்பியும் காரணம். ஒவ்வொரு முறையும் போகும்போது திகதியைப் போட்டுப் புதிதாக அளவெடுத்துப் பழைய அளவுக்குக் கீழே எழுதுகிறார். பழைய அளவில் தைத்துத் தாருங்கோ என்றால் தைக்க மாட்டார். அளவு வேகமாக ஏறுகிறது என்று கண்டாலோ, ஒரு பக்கம் மட்டும் பெருக்கிறது என்றாலோ, ஓடரை எடுக்காமல் முதலில் கிளினிக்குக்குப் போகச் சொல்லிவிடுவார். ஒரு பக்கம் மட்டும் பெருத்தால் அது வேறு கதை, உள்ளே பெரிய கட்டி ஏதும் வளரலாம், அதை உடனே பார்க்க வேண்டும் என்று சேர்ஜனும் எனக்குச் சொல்லியிருக்கிறார். நான் கடையில் இருந்த ஒரு நாள் ஒரு தாய் வந்து, வளர்ந்த மகளுக்கு என்று சொல்லி, மகளைக் கூட்டி வராமலே ஒரு பெரிய அளவைச் சொல்லித் தைக்கக் கேட்டார். ஊராருக்குத் தெரிந்தால் கலியாணம் குழம்பும் என்ற பயம் அவருக்கு. அக்கா அவரை உள்ளே இருத்தித் தேத்தண்ணி கொடுத்து, மகளிடம் நோவு இருக்கா என்று கேட்டீங்களா, இது வியாதி, மருந்தும் ஒபரேஷனும் இருக்கு, மறைச்சு வைச்சா யாருக்கு நட்டம் என்று மிகப் பொறுமையாகப் பேசினார். காசு வரும் ஓடரை விட்டுவிட்டு இப்படிப் பேசும் தையற்காரர் எத்தனை பேர் இருப்பார்கள்?

என்னுடைய அளவுகளை அக்கா ஒரு தாளில் திகதியோடு எழுதித் தர, அதைச் சேர்ஜனிடம் கொண்டுபோனேன். அவர் அதை வாங்கி நிதானமாகப் பார்த்துவிட்டு, அளவு நிலைத்து நிற்கிறது என்பதற்கு இது நல்ல பதிவு என்று என் கிளினிக் கொப்பிக்குள்ளேயே ஒட்டச் சொன்னார்.

ஒபரேஷன் பற்றிக் கேட்பவர்களுக்குச் சேர்ஜன் எனக்குச் சொன்னதை மட்டும் சுருக்கமாக எழுதுகிறேன். வளர்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் புரோமோகிரிப்டின், டமொக்சிஃபென் போன்ற குளிசைகள் சிலருக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். எல்லோருக்கும் கேட்காது, புரோமோகிரிப்டின் பாலையும் வற்ற வைக்கும். நிலையான வழி மார்பைக் குறைக்கும் சத்திரசிகிச்சைதான். மிகுதியான திசுவையும் தோலையும் வெட்டி எடுத்து, முலைக்காம்பை மேலே கொண்டுவந்து பொருத்துவார்கள், எடுத்த திசுவைச் சோதனைக்கு அனுப்புவார்கள். தழும்பு இருக்கும். மார்பு மிகப் பெரிதாக இருந்தால் முலைக்காம்பை முழுதாக எடுத்து ஒட்ட வேண்டி வரலாம், அப்படிச் செய்தால் பிறகு பால் கொடுக்க முடியாது, உணர்வும் குறையும். இளம் வயதில் வந்தவர்களுக்குக் குறைத்த பிறகும் திரும்ப வளரலாம், என்னைப் போல கர்ப்பத்தில் வந்தவர்களுக்கு அடுத்த கர்ப்பத்தில் திரும்ப வரலாம். நானும் கணவரும் இரண்டு பிள்ளைகள் போதும் என்று முடிவு செய்துவிட்டோம், இப்போது திகதிக்காகக் காத்திருக்கிறேன். இது அழகுக்காகச் செய்வது என்று நினைக்கும் மாமிமாருக்கு நான் என் தோளைக் காட்டியிருக்கிறேன்.

இனிக் குறைகள். முதலாவது, சொன்ன நாளில் தருவதில்லை. தைப்பொங்கல், தீபாவளி, பள்ளிக்கூடம் தொடங்கும் காலம் என்றால் பிளவுசும் யூனிஃபோமும் குவிந்துவிடும், பிரா பின்னுக்குப் போய்விடும். கோல் எடுத்துக் கேட்டால் நாளைக்கு என்பார், அந்த நாளை வருவதில்லை. தூரத்திலிருந்து, முல்லைத்தீவு, துணுக்காய் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இது பெரிய கரைச்சல், தைத்து முடித்ததைப் படம் அனுப்பச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டு வாருங்கள். இரண்டாவது, எலாஸ்டிக். நல்ல எலாஸ்டிக் எப்போதும் கிடைப்பதில்லை, ஒரு முறை எனக்கு வந்தது சீக்கிரமே தளர்ந்துவிட்டது. கொண்டுபோய்க் காட்டியதும் காசு வாங்காமல் மாற்றித் தந்தார், ஆனாலும் போய்வரும் அலைச்சல் நம்முடையது. மூன்றாவது, கொழுக்கிப் பட்டியின் ஓரம் சில நேரம் முதுகில் உரசுகிறது, உள்ளே மெல்லிய துணி வைத்துத் தைக்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால் செய்வார். நிறம் மூன்றுதான், கறுப்பு, வெள்ளை, தோல் நிறம். லேஸ், பூ வேலை எல்லாம் இல்லை. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை, இளம் பிள்ளைகள் கொஞ்சம் வடிவாக இருந்தால் விரும்புவார்கள் என்று சொல்லியிருக்கிறேன். உள்ளறையில் ஃபேன் பழையது, கரண்ட் இல்லாத நேரம் போனால் வேர்த்து ஒழுகும், அந்த நேரம் எடுக்கும் அளவும் சரியாக வராது.

பிளவுஸ் வேலை பிரா அளவுக்கு இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பெரிய மார்புக்குப் பிளவுஸ் தைக்கும்போது கைக்குழியைப் பெரிதாக்கி விடுகிறார், தோளில் துணி மிஞ்சி நிற்கிறது. புது பிராவைப் போட்டுக்கொண்டு அதன் மேல்தான் பிளவுசுக்கு அளவு கொடுக்க வேண்டும் என்று அவரே சொல்கிறார், அப்படிக் கொடுத்தும் எனக்கு முதல் பிளவுஸ் பிரித்துத் தைக்க வேண்டி வந்தது. முன்பக்கம் நீளத்துக்கு வெட்டித் தைக்கும் பிரின்சஸ் கட் கேட்டதற்குப் பிறகுதான் கரும்பலகையில் எழுதும்போது கீழ்ப்பக்கம் மேலே ஏறாமல் நின்றது.

விலை: பிரா ஒன்றுக்கு என்னிடம் 3,200 ரூபா வாங்கினார், துணியும் சாமானும் அவருடையது. கடையில் வாங்கும் சாதாரண பிராவின் விலையைப் பார்த்தால் கூடத்தான், ஒருவரின் உழைப்பில் வாழும் குடும்பத்துக்குச் சுமைதான். ஆனால் நான் கடையில் வாங்கிப் போட முடியாமல் அலுமாரியில் அடுக்கி வைத்தவற்றின் காசைக் கூட்டினால் இது மலிவு. தோட்ட வேலை, வயல் வேலை செய்யும் பெண்களிடம் இரண்டு முறையாகக் கொடுங்கோ என்று வாங்குவதை நான் கண்டிருக்கிறேன். காட் வசதி இல்லை, காசாகக் கொண்டுபோங்கள்.

போவதற்கு முன் உங்கள் பகுதி எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையில் நடக்கும் வெல் வுமன் கிளினிக்கில் ஒருக்கால் காட்டிவிடுங்கள், மார்பைச் சோதிப்பார்கள், காசு இல்லை, தேவையென்றால் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருவார்கள். அந்தக் கடிதத்தைக் கொண்டுபோனால் அக்காவின் முதல் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லலாம். கடை எங்கே என்று உங்கள் மிட்வைஃப் அக்காவிடம் கேளுங்கள், கிளிநொச்சிப் பக்கத்தில் சிலருக்கு அவரைத் தெரியும், தெரியாவிட்டால் எனக்குத் தனியாக எழுதுங்கள், பெண் என்று உறுதியானால் வழி சொல்கிறேன். காலையில், பத்து மணிக்கு முன் போவது நல்லது, வேர்க்காது, கூட்டமும் இருக்காது. இப்போது போடும் பிராவையும் கையோடு கொண்டுபோங்கள், அது எந்த இடத்தில் பிய்ந்திருக்கிறது, எந்த இடத்தில் இழுபட்டிருக்கிறது என்று பார்த்துத்தான் அவர் துணியை வெட்டத் தொடங்குவார்.